வாசகர் கேள்வி பதில்: மலைமேல் ஓர் உருளைக்கிழங்கு ஊர்

சென்ற இதழில், இந்தோனேசியாவின் நடு ஜாவாவில் தியெங் மேட்டுநிலத்தில் இருக்கும் செம்புங்கான் என்ற சிற்றூரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம். ஜாவாத் தீவின் மிக உயரமான கிராமம் என்று ஊர் வாசலிலேயே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மண் பாதுகாப்பு வேலைக்காக வந்து, அடிவார நகரமான வோனோசோபோவிலேயே குடியமர்ந்துவிட்டவன் நான். நீங்கள் இத்தனை பேர் அந்த ஊரைப் பற்றிக் கேட்டிருப்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். சூரிய உதயத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், மண்ணைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் என் பதிலில் மண்ணுக்குத்தான் இடம் அதிகம்.

திருச்சி வாசகி: ஜாவா என்றாலே அடுக்கடுக்கான நெல் வயல்தான் நினைவுக்கு வருகிறது. செம்புங்கானில் நெல்லே விளையாதா? அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வார்கள்?

விளையாது. நெல்லுக்கு இந்தக் குளிர் ஆகாது. வோனோசோபோவிலிருந்து தியெங்குக்கு ஏறும் சாலை சுமார் 26 கிலோமீட்டர். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தால் எந்த உயரத்தில் என்ன விளையும் என்பது தானாகவே தெரிந்துவிடும். நகரத்தை ஒட்டி நெல், கொஞ்சம் ஏறியதும் மக்காச்சோளமும் மிளகாயும், கெஜாஜார் பக்கம் தேயிலையும் புகையிலையும். அதற்கும் மேலே உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், வெங்காயத்தாள். உச்சியில் இருக்கும் செம்புங்கானில் உருளைக்கிழங்கு வைத்ததுதான் சட்டம்.

அரிசியைக் கீழே இருந்து வாங்குகிறார்கள். ஆனால் இது பழைய வழக்கமில்லை. வயதானவர்களிடம் கேட்டால், சின்ன வயதில் மக்காச்சோளச் சோறுதான் தின்றோம் என்பார்கள். சோளத்தை ஊறவைத்து இடித்து ஆவியில் வேகவைப்பது அது. நிலத்தில் இருந்ததும் மக்காச்சோளமும் புகையிலையும்தான். 1980-களில் உருளைக்கிழங்கு வந்தது, ஊரே மாறிப்போனது. இங்கே பெரும்பாலும் நடுவது கிரானோலா என்ற ஜெர்மன் ரகம். மூன்று மாதம், மூன்றரை மாதத்தில் எடுத்துவிடலாம். மழையும் குழாய்த் தண்ணீரும் ஒத்துழைத்தால் வருடத்துக்கு மூன்று போகம்கூட எடுப்பார்கள். ஓலையும் மரப்பலகையுமாக இருந்த வீடுகள் சிமெண்ட் வீடுகளாயின. ஹஜ் பயணம் போய்வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்தக் காசெல்லாம் இந்தக் கிழங்கில் வந்ததுதான். அதை மறந்துவிட்டு இந்த மலையைப் பற்றி யார் பேசினாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த பதிலை இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: தியெங் படங்களைப் பார்த்தேன். மலை உச்சி வரை உழுதிருக்கிறார்கள், மரமே இல்லை. செடி வரிசைக்கு மண் அணைத்த பார்களும் சரிவுக்குக் குறுக்கே போகாமல் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. மண் அரித்துப் போகாதா? விவசாயிக்கு இது தெரியாதா?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மண் அரித்துப் போகிறது, நிறையவே போகிறது. அது விவசாயிக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும்.

டிசம்பர், ஜனவரியில் மழை பிடித்தால் மத்தியானத்துக்கு மேல் விடாது. அப்படி ஒரு நாள் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் நிலத்தில் நின்றிருந்தேன். இங்கே வயதில் மூத்த ஆண்களைப் 'பாக்' என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். தோளில் சுற்றிய லுங்கியோடு அவர் மண்வெட்டியால் பார்களுக்கு நடுவே அடைத்திருந்த சருகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். தடை போனதும் தண்ணீர் சரேலென்று கீழே இறங்கியது, பால் விட்ட காபி நிறத்தில். "பாக், இது உங்கள் மண்தானே?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மண் போனால் அடுத்த வருஷம் எரு போட்டுக்கலாம். தண்ணி நின்றால் இந்த வருஷமே கிழங்கு போய்விடும்" என்றார்.

சங்கதி இதுதான். உருளைக்கிழங்குக்கு வேரடியில் ஈரம் தேங்கக்கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகும். செடிகளுக்கு நடுவே புழுக்கம் ஏறினால் இலைக்கருகல் நோய் வரும். அது வந்தால் பச்சைப் பசேலென்று இருந்த நிலம் சில நாளில் கருகிப்போகும். அதனால்தான் மழைக்காலத்தில் முதுகில் டப்பாவோடு பூஞ்சைக்கொல்லி அடித்துக்கொண்டே இருப்பார்கள். பாரை மேலிருந்து கீழாகப் பிடித்தால் தண்ணீர் நிற்காது, காற்றும் ஓடும். விதைக்கும் எருவுக்கும் கடன் வாங்கி நட்டவருக்கு அந்த ஒரு போகம் தப்ப வேண்டும். இருபது வருடம் கழித்து மண் இருக்குமா என்பது அவருக்கு இரண்டாவது கவலை.

போன மண்ணுக்கு ஈடாகக் கோழி எரு வருகிறது. சாலையோரம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதைப் பார்க்குமுன்பே மூக்கு சொல்லிவிடும். ஒவ்வொரு போகத்துக்கும் கொட்டியாக வேண்டும். மேல்மண் குறையக் குறைய எருவும் மருந்தும் கூடுகின்றன, செலவும் கூடுகிறது. முன்பு எடுத்த விளைச்சலைப் பிடிக்க இப்போது கையைக் கடிக்கிறது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

அந்த மண் எங்கே போகிறது? தியெங்கில்தான் செராயு ஆறு பிறக்கிறது. பீமா லுக்கார் என்ற ஊற்றில் தொடங்கி, பஞ்சார்நெகாரா வழியாக மேற்கே போய், சிலாச்சாப் பக்கம் கடலில் சேர்கிறது. நடுவழியில் ம்ரிச்சா அணை. 1980-களின் கடைசியில் வந்த இந்த அணையின் மின்நிலையம் 180 மெகாவாட் திறன் கொண்டது. நீர்த்தேக்கத்தில் வண்டல் நிரம்பிக்கொண்டே போவது பஞ்சார்நெகாரா மாவட்டத்தின் பெரிய தலைவலி. மேலே பாக் மண்வெட்டியால் வழிவிட்ட தண்ணீர் அங்கேதான் போய்ப் படிகிறது.

மரங்கள் போன கதை வேறு. மேட்டுச் சரிவுகளில் நிறையப் பகுதி பெர்ஹுத்தானி என்ற அரசு வன நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பது. 1998-இல் சுகார்த்தோ ஆட்சி விழுந்தபோது ஜாவா முழுக்கக் காட்டை வெட்டினார்கள், இங்கேயும் வெட்டினார்கள். கிழங்குக்கு நல்ல விலை இருந்த காலம் அது. வெட்டிய இடத்தில் பாரைப் பிடித்தார்கள். இன்றைக்கு மறுபடி மரம் நடும் வேலை நடக்கிறது, கன்றுகளை அதிகாரிகளும் மாணவர்களும் வந்து நட்டுவிட்டுப் போகிறார்கள். நட்டது எத்தனை மூன்றாம் வருடம் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். குறுக்கே பார் பிடி என்று கூட்டம் போட்டுச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. நேர் குறுக்காக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் பிடித்தால் தண்ணீர் நிற்காமலும் போகும், பாய்ந்தும் போகாது. வரப்பில் தீவனப் புல் வளர்த்தால் மண்ணும் நிற்கும், ஆட்டுக்கும் ஆகும். ஓரத்தில் காரிக்கா என்ற மலைப் பப்பாளி, காப்பி, மரத்தக்காளி வைக்கலாம், மரமும் ஆச்சு, வருமானமும் ஆச்சு. இதைச் செய்பவர்களை நான் செம்புங்கானிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் சொந்த நிலம் உள்ளவர்கள். ஒரு வருடக் குத்தகைக்கும் விளைச்சலில் பாதிப் பங்குக்கும் உழுகிறவர் மூன்றாம் வருடம் காய்க்கப்போகும் மரத்தை எதற்கு நடுவார்? குத்தகைக் காலத்தை நீட்டிக் கொடுக்காமல் மண்ணைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனமில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே என் வேலையில் பாதிக் காலம் போயிருக்கிறது, இன்னும் சொல்வேன்.

காஞ்சிபுரம் வாசகர்: அங்கே பாண்டவர் பெயரில் கோயில்கள் இருக்கின்றனவாமே. பாண்டவர்களுக்கா கட்டினார்கள்? நம் பல்லவர் தொடர்பு உண்டா?

செம்புங்கானிலிருந்து சில கிலோமீட்டரில், தியெங் குலோன் என்ற பக்கத்து ஊரில் அர்ஜுனன் கோயில் தொகுதி இருக்கிறது. அர்ஜுனா, ஸ்ரீகண்டி, புந்ததேவா, செம்பத்ரா, செமார் என்று ஐந்து. கொஞ்சம் தள்ளி பீமா, கடோத்கஜா, துவாராவதி. இவை எல்லாம் சிவ வழிபாட்டுக் கோயில்கள். ஜாவாவில் நிற்கும் கற்கோயில்களில் மிகப் பழையவற்றுள் இவை வருகின்றன. இங்கே கிடைத்த ஒரு கல்வெட்டின் காலம் கி.பி. 809. பெயர்கள் பிற்காலத்தில் ஜனங்கள் வைத்தவை. மாமல்லபுரத்து ரதங்களுக்குப் பாண்டவர் பெயர் வந்ததும் அப்படித்தானே. செமார் மகாபாரதத்தில் இல்லவே இல்லை, ஜாவா நிழற்கூத்தில் பாண்டவர்களுக்குத் துணையாக வரும் தொந்திக் கிழவர்.

கட்டடக்கலையில் இந்தியச் சாயல் நன்றாகத் தெரியும். சதுரக் கருவறை, மேலே தளம் தளமாகக் குறுகும் கூரை. பீமா கோயிலின் கூரையில் வரிசையாகக் கூடுகள், ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். நம் ஊர் ஆள் பார்த்தால் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார். அர்ஜுனா கோயிலின் வடபுறச் சுவரில் அபிஷேக நீர் வெளியேறும் துளையையும் தேடிப் பாருங்கள். ஆனால் பல்லவர்தான் வந்து கட்டினார்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. கட்டியவர்கள் ஜாவாக்காரர்கள், கற்ற வித்தையைத் தங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டவர்கள். இன்று சுற்றிலும் இருப்பவர்கள் முஸ்லிம் உழவர்கள். கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் வரை கிழங்கு நட்டிருப்பார்கள், கல்லை யாரும் தொடமாட்டார்கள்.

சேலம் வாசகி: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பனி உறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மையா?

உண்மைதான். ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் தியெங் பள்ளத்தாக்கில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கக் குவிவார்கள். உழவர்கள் இதை 'எம்புன் உபாஸ்' என்பார்கள், விஷப் பனி. வெயில் ஏறியதும் உருளைச் செடி கருத்துத் துவண்டுவிடும். இளம் செடி என்றால் அந்தப் போகமே போச்சு. விடியுமுன் எழுந்து குழாயில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவார்கள், வசதி உள்ளவர்கள் வலை கட்டுவார்கள். நீங்கள் போகும் காலையில் பனி விழுந்திருந்தால், சந்தோஷமாகப் படம் எடுங்கள். பக்கத்து நிலத்தில் குழாயோடு ஓடுகிறவரை மட்டும் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள்.

மதுரை வாசகர்: அந்த மேட்டுநிலமே எரிமலை என்கிறார்கள். ஆபத்தில்லையா?

தியெங் முழுக்க எரிமலைத் தொகுதிதான். சிகிடாங்கில் சேறு கொதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பூமிக்குள் இருக்கும் நீராவியை எடுத்து மின்சாரம் ஆக்கும் நிலையமும் இருக்கிறது, பளபளக்கும் குழாய்கள் கிழங்கு நிலங்களின் ஊடே போகும். இங்கே நெருப்பைவிட வாயு பயங்கரமானது. 1979 பிப்ரவரி 20 அன்று விடியுமுன் மேட்டுநிலத்தின் மேற்குப் பக்கம் சினிலா பள்ளம் வெடித்தது. கெபுச்சுக்கான் ஊர் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஓடிய பாதையிலேயே கரியமில வாயு தேங்கியிருந்தது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. ஏறக்குறைய 150 பேர் வழியிலேயே இறந்தார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, பள்ளங்களின் நிலையை அறிவிக்கிறார்கள். கம்பி வேலி போட்டு மூடிய இடத்துக்குள் போகாதீர்கள். மழை பெய்த காலையில், காற்றில்லாத பள்ளத்தில் இறங்காதீர்கள். அந்த ஊர்க்காரர் 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

பினாங்கு வாசகி: காரிக்கா என்று பாட்டிலில் வாங்கினேன். அது என்ன பழம்?

மலைப் பப்பாளி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரப் பழம், டச்சுக்காரர் காலத்தில் வந்து தியெங்கில் நிலைத்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும், பழுத்தால் மஞ்சள், வாசனை தூக்கும். அப்படியே கடித்தால் பால் நாக்கை அரிக்கும். அதனால் சர்க்கரைப் பாகில் போடுகிறார்கள். பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு தோல் சீவுவார்கள். உப்பு போட்டு அலசிப் பாலை எடுப்பார்கள். விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்புதான் மணம், அதைத் துணியில் கட்டிப் பாகோடு கொதிக்க வைத்துப் பிழிவார்கள். சதையைத் துண்டு போட்டு, பாகை ஊற்றி, மூடி, ஆவியில் வைப்பார்கள். வோனோசோபோ கடைத்தெரு முழுக்க இதுதான். கிழங்கு விலை விழுந்த மாதங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்தக் காசில்.

கோவை வாசகி: சடைமுடிக் குழந்தைகளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். இன்னும் சொல்லுங்களேன்.

தியெங்கில் சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, முடி தானாகத் திரித்துக்கொள்ளும் என்பார்கள். அந்தக் குழந்தைகள் கோலோதெத்தே என்ற ஆதி மூதாதையின் வழி வந்தவர்கள் என்று நம்பிக்கை. குழந்தையே 'வெட்டுங்கள்' என்று சொல்லும்வரை வெட்டமாட்டார்கள். வெட்டுமுன் அது கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். சைக்கிள் கேட்கும், ஆட்டுக்குட்டி கேட்கும், ஒரு தட்டு மிட்டாய் கேட்கும். அதில் எதையும் குறைக்கமாட்டார்கள். குறைத்தால் முடி மறுபடி சடையாகிவிடுமாம். ஏழை வீட்டில் இதற்காகவே சேர்த்து வைப்பார்கள். வெட்டிய முடியைத் துணியில் பொதிந்து ஏரியிலோ ஓடையிலோ விடுவார்கள், தென்கடல் போய்ச் சேரட்டும் என்று. 2010 முதல் நடக்கும் தியெங் பண்பாட்டு விழாவில் இந்தச் சடங்கைக் கூட்டத்தோடு பார்க்கலாம். வீட்டளவில் நடக்கும் சடங்கு இன்னும் அழகு. அழைத்தால் மட்டும் போங்கள்.

சென்னை வாசகர்: எப்படிப் போவது, எங்கே தங்குவது, எத்தனை நாள் வேண்டும்?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விமான நிலையத்திலேயே 30 நாள் விசா கிடைக்கும், கட்டணம் 5,00,000 ரூபியா. கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். யோக்யகர்த்தாவிலிருந்து மகெலாங் வழியாக வோனோசோபோவுக்குக் காரில் மூன்று, நான்கு மணி நேரம், போரோபுதூரையும் வழியில் பார்க்கலாம். ஜகார்த்தாவிலிருந்து என்றால் புர்வோகெர்த்தோ வரை ரயில், பிறகு பஸ். வோனோசோபோவிலிருந்து தியெங்குக்குச் சிறிய பஸ்கள் ஓடும். அங்கிருந்து செம்புங்கானுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்.

தங்குவது ஊரில் வீடுகளிலேயே. செபோங் ஏரிக்கரையிலிருந்து சிகுனிர் குன்றுக்கு அரை மணி ஏற்றம். விடியலில் எதிரே சிந்தோரோ மலை தெரிய, சூரியன் வரும், ரொம்ப நன்றாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கே வண்டி ஏறிவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு இரவு தங்குங்கள். காலை வெயிலில் நிலத்துக்குள் நடங்கள். அறுவடை நடந்தால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள், பெரியது, நடுத்தரம், விதை என்று மூன்றாகப் பிரிப்பதைப் பாருங்கள். 'மாம்பிர்' என்று யாராவது வீட்டுக்குள் கூப்பிட்டால் போய் ஒரு கிளாஸ் தேநீர் குடியுங்கள். அடுப்பைச் சுற்றித்தான் உட்கார வைப்பார்கள்.

கம்பளிச் சட்டை அவசியம். சாப்பாட்டில் வோனோசோபோவின் மீ ஓங்க்லோக் பிரபலம்: முட்டைக்கோஸும் நூடுல்ஸும் சேர்த்துக் கொதிநீரில் முக்கி, கெட்டியான மாவுக் குழம்பு ஊற்றித் தருவது. குழம்பில் இறைச்சிச் சாறோ உலர் இறாலோ சேரும் என்பதால் சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மஞ்சள் மாவில் முக்கிப் பொரித்த தெம்பே கெமுலுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஈரோடு வாசகர்: அங்கே கொஞ்சம் நிலம் வாங்கிப் போட முடியுமா?

முடியாது. 1960-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சட்டத்தில் நிற்காது. ஜாவாவில் ஒரு குடும்பத்துக்கு அரை ஹெக்டேர்கூட இல்லாமல் உழுகிறார்கள். அது அவர்களிடமே இருக்கட்டும்.

குன்னூர் வாசகர்: கிரானோலா விதைக்கிழங்கு நாலு கொண்டுவர ஆசை. பையில் போட்டுக் கொண்டுவரலாமா?

தயவுசெய்து வேண்டாம். அனுமதியும் சோதனையும் இல்லாமல் விதைக்கிழங்கு கொண்டுவருவது சட்ட விரோதம். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நூற்புழு 2003-இல் இந்தோனேசியாவில் கண்டறியப்பட்டது, தியெங் நிலங்களிலும் இருக்கிறது. அதன் முட்டைக்கூடு கடுகைவிடச் சிறியது, கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வரும், நிலத்தில் பல வருடம் உயிரோடு கிடக்கும். நீலகிரியிலும் 1961 முதல் இதே புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாததா? இதையே மறுபக்கமும் சொல்கிறேன்: உங்கள் நிலத்தில் போட்ட செருப்போடு செம்புங்கான் வயலில் கால் வைக்காதீர்கள். வேறு செருப்பு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் மண் போகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.